குறைந்த ஜிஆர்ஈ, குறைந்த டோஃபல், எட்டு விண்ணப்பங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

எண்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் எல்லோரும் தேடுவது அதைத்தான். பி.இ. மெக்கானிக்கல், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2021-இல் முடித்தது. சிஜிபிஏ 7.6. முதல் நான்கு செமஸ்டரில் மூன்று அரியர், எல்லாம் ஆறாவது செமஸ்டருக்குள் கிளியர். 2023 ஜூலையில் எழுதிய ஜிஆர்ஈ (முதுகலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) 297, அதில் குவான்ட் (கணிதம்) 154, வெர்பல் (ஆங்கில மொழித்திறன்) 143, கட்டுரைக்கு 6-க்கு 2.5. ஆகஸ்டில் எழுதிய டோஃபல் (ஆங்கிலத் தேர்வு) 120-க்கு 82, அதில் ஸ்பீக்கிங் 17. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டு வருட வேலை. வேண்டியது 2024 ஃபாலில் (ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் செமஸ்டர்) அமெரிக்காவில் எம்.எஸ்., மெக்கானிக்கல் அல்லது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்.

இவரைத் தம்பி என்றே எழுதுகிறேன். பெயர், கல்லூரி, கடைசியில் சேர்ந்த இடம் எதுவும் இதற்குத் தேவையில்லை. நான் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவன் என்பதால் ஊர்ப் பசங்க எஸ்ஓபியை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) அனுப்பி "கொஞ்சம் பாருங்கண்ணா" என்பார்கள், அப்படி வந்த கேஸ் இது. சாதனைக் கதை இல்லை, எழுத நினைத்ததே அதனால்தான். 325 வாங்கினவர் என்ன செய்தார் என்று எங்கும் படிக்கலாம். 297 வாங்கினவர் என்ன செய்தார் என்பதை யாரும் விவரமாகச் சொல்வதில்லை, சொன்னாலும் தன்னம்பிக்கை இருந்தால் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். தன்னம்பிக்கையை அப்லோட் செய்யும் பட்டனை நான் எந்த போர்ட்டலிலும் பார்த்ததில்லை.

என்னிடம் வந்தபோது தம்பியின் திட்டம் ஒன்றே ஒன்று: ஜிஆர்ஈயை மறுபடி எழுதுவது, 310 வரும்வரை எழுதுவது. ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் 21 நாள் இடைவெளி, 12 மாதத்துக்குள் ஐந்து முறை என்பது விதி. அதனால் "இன்னும் நாலு சான்ஸ் இருக்குண்ணா" என்று கணக்கு வைத்திருந்தார். கோச்சிங் சென்டரும் அதையே சொல்லியிருந்தது, அவர்களுக்கு அடுத்த பேட்ச் நிரம்ப வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு கன்சல்டன்சி, மார்க்கைப் பற்றிக் கவலையே வேண்டாம், நாங்கள் சொல்லும் ஐந்து இடங்களில் போடுங்கள், அட்மிட் உறுதி என்றது. அந்த ஐந்து இடங்கள் எப்படி வந்தன என்று கேட்டால் பதில் வராது. சேரும் மாணவருக்கு இவ்வளவு என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் தருகின்றன. அது சட்டவிரோதம் இல்லை, ஆனால் அந்தப் பட்டியல் உங்களுக்காகப் போட்டதும் இல்லை.

மார்க்கை யார் பார்க்கிறார்கள்

மதிப்பெண் குறைவு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஜிஆர்ஈ குறைவதும் டோஃபல் குறைவதும் ஒன்றில்லை. அமெரிக்காவில் முதுகலை விண்ணப்பம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் பார்க்கப்படுகிறது. முதலாவது கிராஜுவேட் ஸ்கூல் என்கிற பொது அலுவலகம். டிகிரி சரியா, ஜிபிஏ குறைந்தபட்சத்துக்கு மேல் இருக்கிறதா, ஆங்கிலத் தேர்வு குறைந்தபட்சத்தைத் தொட்டிருக்கிறதா என்பதை அது பார்க்கும். இரண்டாவது துறையின் கமிட்டி, அதாவது சில பேராசிரியர்கள். எஸ்ஓபி, பரிந்துரைக் கடிதம், எந்தப் பாடத்தில் என்ன கிரேடு, வேலை அனுபவம் எல்லாம் படிப்பவர்கள் இவர்கள்தான், ஜிஆர்ஈ வேண்டுமா வேண்டாமா என்பதையும் பெரும்பாலும் இவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

இதனால் என்ன ஆகிறதென்றால், ஜிஆர்ஈ குறைந்தால் கமிட்டியில் யாராவது ஒருவர் "பரவாயில்லை, வேலை அனுபவம் நன்றாக இருக்கிறது" என்று சொல்ல இடம் இருக்கிறது. டோஃபல் குறைந்தபட்சம் 80 என்று பொது அலுவலகம் வைத்திருக்கும் இடத்தில் 78 வைத்திருப்பவரின் ஃபைல் கமிட்டிக்குப் போகாமலே நின்றுவிடலாம், போய் ஒரு பேராசிரியருக்குப் பிடித்திருந்தாலும் அவரால் அந்த விதியைச் சுலபமாகத் தாண்ட முடியாது. தம்பியின் மொத்தம் 82, அது பல இடங்களில் தப்பித்துவிடும். ஆனால் பிரிவுவாரியாகவும் குறைந்தபட்சம் வைத்திருக்கும் இடங்கள் நிறைய, ஸ்பீக்கிங் 17 அங்கெல்லாம் அடிவாங்கும். டிஏ வேலைக்கு, அதாவது வகுப்பில் உதவியாளராக நிற்பதற்கு, ஸ்பீக்கிங்கில் இன்னும் அதிகம் கேட்பார்கள். ஆக, அவர் இரண்டாவது ஜிஆர்ஈக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார், தடையாக இருந்ததோ டோஃபலின் ஒரே ஒரு பிரிவு.

ஜிஆர்ஈ விஷயத்தில் காலமும் மாறியிருந்தது. 2017-இல் வான்டர்பில்ட், வட கரோலினா பல்கலைக்கழகங்களின் உயிர்மருத்துவ பிஎச்டி மாணவர்களை வைத்து வந்த ஆய்வுகள், ஆராய்ச்சியில் ஒருவர் எவ்வளவு சாதிப்பார் என்பதை ஜிஆர்ஈ சரியாகக் காட்டுவதில்லை என்றன. உயிரியல் துறைகள் ஒவ்வொன்றாக அதை விட ஆரம்பித்தன. 2020-இல் கோவிட் வந்து தேர்வு மையங்களை மூடியபோது மற்ற துறைகளும் விட்டன, பலர் திரும்பக் கொண்டுவரவே இல்லை. பெர்க்லியின் மின்னியல், கணினித் துறை மதிப்பெண் அனுப்பினாலும் பார்க்கமாட்டோம் என்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராக்கம் கிராஜுவேட் ஸ்கூல் பிஎச்டி சேர்க்கையில் அதை மொத்தமாக எடுத்துவிட்டது. ஜிஆர்ஈயை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே, இந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கட்-ஆஃப் போடாதீர்கள் என்றுதான் தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. அதற்காக ஜிஆர்ஈ செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், கட்டாயம் கேட்கும் இன்ஜினியரிங் துறைகள் இன்னும் இருக்கின்றன, ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இளங்கலைச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் கதை வேறு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன். கோவிட் காலத்தில் எஸ்ஏடி வேண்டாம் என்றவர்களில் எம்ஐடி 2022-இலேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டது, 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் வரிசையாக அறிவித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிளைகளோ எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. பிளஸ் டூ பசங்க இதைத் தனியாகப் படித்துக்கொள்ளட்டும்.

இணையதளத்தில் எழுதியிருப்பதைப் படிப்பது

தம்பி ஒரு பட்டியல் வைத்திருந்தார், 20 இடங்களுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண்: 310, 305, 300. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பாதி கன்சல்டன்சியின் எக்செல் ஷீட், மீதி துறையின் பக்கத்தில் "சேர்க்கப்பட்டவர்களின் சராசரி" என்று போட்டிருந்ததை இவர் கட்-ஆஃப் என்று எடுத்துக்கொண்டது. சராசரி 310 என்றால் அதற்குக் கீழேயும் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்.

ஆகவே பட்டியலை மறுபடி போட்டோம். குறைந்தபட்சம் இவ்வளவு என்று தெளிவாகச் சொல்லும் இடங்கள் தனி, சராசரி மட்டும் சொல்லும் இடங்கள் தனி, விருப்பம் இருந்தால் அனுப்பலாம் என்பவை தனி, வேண்டவே வேண்டாம் என்பவை தனி. எதிலும் சேராமல் குழப்பமாக எழுதியிருந்த இடங்களுக்குத் துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு மெயில் போடச் சொன்னேன். ரொம்பப் பேர் இதைச் செய்வதில்லை, பேராசிரியர்களுக்கு நீளமாக மெயில் போட்டுப் பதில் வரவில்லை என்று வருத்தப்படுவார்கள். தீசிஸ் (ஆய்வேடு) இல்லாத எம்.எஸ்.க்குப் பேராசிரியருக்கு எழுதிப் பெரிய பயன் இல்லை. கோஆர்டினேட்டரின் வேலையே இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான். தம்பி அனுப்பியது நான்கு வரி: உங்கள் பக்கத்தில் சொல்லியிருக்கும் ஜிஆர்ஈ எண் குறைந்தபட்சமா சராசரியா, முழுநேர வேலை அனுபவம் இருந்தால் விலக்கு உண்டா, டோஃபலில் மைபெஸ்ட் மதிப்பெண்ணை (பல முறை எழுதியதில் ஒவ்வொரு பிரிவிலும் அதிகமானதைச் சேர்த்தது) ஏற்றுக்கொள்வீர்களா, பிரிவுவாரிக் குறைந்தபட்சம் உண்டா. பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் பதில் போட்டார்கள். ஒரு இடத்தில் வேலை அனுபவத்துக்காக ஜிஆர்ஈயையே தள்ளுபடி செய்வோம், ரெஸ்யூமே அனுப்புங்கள் என்றார்கள். அவர்கள் பக்கத்தில் அது ஒரு மூலையில் இருந்தது, நாங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

மறுதேர்வு

ஜிஆர்ஈ இன்னும் ஒரே ஒரு முறை, அதுவும் குவான்டுக்காக மட்டும் என்று முடிவு செய்தோம். இன்ஜினியரிங் துறையில் வெர்பல் 143-ஐ 147 ஆக்க மூன்று மாதம் செலவிடுவது வீண், குவான்ட் 160-ஐ நெருங்கினால் மட்டும் கொஞ்சம் பயன். 2023 செப்டம்பர் 22-இலிருந்து தேர்வு சுருங்கிவிட்டது, முன்பு மூன்றே முக்கால் மணி நேரம், இப்போது 1 மணி 58 நிமிடம், இரண்டு கட்டுரைக்குப் பதில் ஒன்று. குவான்டில் முதல் பிரிவு 12 கேள்வி 21 நிமிடம், இரண்டாவது 15 கேள்வி 26 நிமிடம், முதல் பிரிவில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாவதன் கடினம் மாறும். முதல் பன்னிரண்டில் அவசரப்பட்டுத் தவறினால் இரண்டாவதில் எல்லாம் சரியாகப் போட்டாலும் உயரம் போகாது. தம்பியின் சிக்கல் கணக்கு தெரியாதது இல்லை, டேட்டா இன்டர்பிரட்டேஷன் என்கிற அட்டவணை, வரைபடப் பகுதியில் கேள்வியைப் பாதி படித்துவிட்டு விடை குறிப்பது. அக்டோபரில் குவான்ட் 159, வெர்பல் 144, மொத்தம் 303, கட்டுரை 3.0. போதும், நிறுத்திக்கொள் என்றேன். கோச்சிங் சென்டரிலிருந்து இன்னொரு முறை எழுதச் சொல்லி போன் வந்தது, அவர் எடுக்கவில்லை.

டோஃபலில்தான் உழைப்பு போனது. ஸ்பீக்கிங்கின் முதல் கேள்வியில் அப்போது யோசிக்க 15 நொடி, பேச 45 நொடி. பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்யவைத்த முன்னுரை ஒன்று உண்டு, இந்த விஷயத்தில் பலருக்குப் பல கருத்து இருக்கலாம், என் கருத்து என்னவென்றால் என்கிற மாதிரி. அதைச் சொல்லி முடிக்கவே பதினைந்து நொடி போய்விடும், அப்புறம் ஒரு காரணம், அதன் பிறகு "ஆங்... ஸோ..." என்று இழுவை. பதிவு செய்து கேட்டபோது அவருக்கே சிரிப்பு வந்தது. முன்னுரையைத் தூக்கிவிட்டு முதல் வாக்கியத்திலேயே பதிலைச் சொல்வது, உடனே தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்வது, இவ்வளவுதான் மாற்றியது. தினமும் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது அன்று ஷாப் ஃப்ளோரில் நடந்த ஒரு விஷயத்தை 45 நொடிக்குள் ஆங்கிலத்தில் போனில் பேசிப் பதிவு செய்வார், பக்கத்து சீட்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. அது தேர்வுக்கும் பழக்கமாயிற்று, மையத்தில் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள், அந்தச் சத்தத்தில்தான் பேச வேண்டும்.

நவம்பரில் இரண்டாவது முறை 86. முதல் முறை ரீடிங் 22, லிசனிங் 21, ஸ்பீக்கிங் 17, ரைட்டிங் 22. இரண்டாவது முறை 20, 23, 20, 23. ரீடிங் குறைந்துவிட்டதே என்று புலம்பினார். இங்கேதான் மைபெஸ்ட் உதவியது: கடைசி இரண்டு வருடத் தேர்வுகளில் ஒவ்வொரு பிரிவிலும் எது அதிகமோ அதைச் சேர்த்து, டோஃபலையும் நடத்தும் இடிஎஸ் தன் அறிக்கையிலேயே அப்போது காட்டியது, இவருக்கு 22, 23, 20, 23, மொத்தம் 88. ஏற்பதும் ஏற்காததும் பல்கலைக்கழகத்தின் விருப்பம், அதனால்தான் மெயிலில் அந்தக் கேள்வி. ஜிஆர்ஈயில் இப்படிக் கலந்து சேர்க்க வழியில்லை, எந்தத் தேதித் தேர்வை அனுப்புவது என்று மட்டும் தேர்ந்தெடுக்கலாம். இப்போது எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், 2026 ஜனவரியிலிருந்து டோஃபல் 1 முதல் 6 வரையிலான அளவுகோலுக்கு மாறிவிட்டது, பழைய 120 கணக்கும் கொஞ்ச காலம் கூடவே வரும்.

டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமே என்று கேட்டார். செலவு குறைவு, ஏற்கும் இடங்களும் நிறையத்தான். ஆனால் எங்கள் பட்டியலில் பாதி இடங்கள் ஏற்கவில்லை, எனவே விட்டோம்.

ஜிஆர்ஈ விருப்பம் என்றிருந்த இடங்களுக்கு 303-ஐ அனுப்பவில்லை. இதில் பலர் வேறுபடுவார்கள். குவான்ட் 159 ஒன்றும் மோசமில்லை, அனுப்பினால் உழைத்திருக்கிறான் என்று தெரியுமே என்பார்கள். என் கணக்கு இது: ஸ்பீக்கிங் 20 வைத்திருக்கும் ஒரு ஃபைலில் வெர்பல் 144-உம் சேர்ந்தால், படிப்பவருக்கு ஒரே சந்தேகம் இரண்டு முறை வரும். கேட்காதபோது அந்தச் சந்தேகத்தை நாமே ஏன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எஸ்ஓபி

முதல் வரைவு எனக்கு வந்தபோது, சின்ன வயதில் பொம்மைக் காரைக் கழற்றிப் பார்த்ததில் ஆரம்பித்தது. மெக்கானிக்கல் பசங்க எல்லோரும் சின்ன வயதில் எதையாவது கழற்றியிருக்கிறார்கள், கமிட்டிக்காரர்கள் இதை எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பார்களோ. இரண்டாவது பத்தியில் பல்கலைக்கழகத்தின் புகழ், மூன்றாவதில் உலகத் தரம் வாய்ந்த ஆய்வகங்கள். நான்காவதில் மதிப்பெண் குறைந்ததற்கு உடல்நிலை காரணம் என்று ஒரு பொய். அந்தப் பொய்யை முதலில் எடுக்கச் சொன்னேன்.

சரி, வேலையில் என்ன செய்கிறாய் என்று போனில் கேட்டேன். சிஎம்எம் பார்க்கிறேன் என்றார், அதாவது பாகங்களைத் தொட்டு அளக்கும் கோஆர்டினேட் மெஷரிங் மெஷின். அதில் ஏதாவது தகராறு வந்திருக்கிறதா என்று கேட்டதும் ஒன்றைச் சாதாரணமாகச் சொன்னார். அலுமினிய ஹவுசிங் (வெளிக்கூடு) ஒன்று, 80 மில்லிமீட்டர் துளை, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 30 மைக்ரான். அவசரம் என்று வாஷிங் மெஷினிலிருந்து சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து அளந்தால் துளை பெரிதாகக் காட்டி ரிஜெக்ட் ஆகிறது, கொஞ்ச நேரம் கழித்து அதே பாகத்தை அளந்தால் பாஸ். புரொடக்‌ஷன்காரர்கள் அளப்பவனுக்கு அளக்கத் தெரியவில்லை என்கிறார்கள். தம்பி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்: அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், 80 மில்லிமீட்டருக்குப் பத்து டிகிரி கூடினால் 18 மைக்ரான். டாலரன்ஸில் பாதிக்கு மேல் வெறும் சூடு தின்றுவிடுகிறது. அளவுகளுக்கான சர்வதேச அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி என்பதையும் அப்போதுதான் தேடிப் படித்திருக்கிறார். அப்புறம் பாகம் அறை வெப்பநிலைக்கு வரும்வரை ரேக்கில் வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று நடைமுறையை எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, வெவ்வேறு ஆட்கள் அளந்தாலும் ஒரே எண் வருகிறதா என்று ஆய்வு நடத்தியிருக்கிறார்.

இதை எஸ்ஓபியில் ஒரு வரிகூட எழுதவில்லை. "இது வேலைதானேண்ணா" என்றார்.

புதிய எஸ்ஓபி அந்த ஹவுசிங்கில் ஆரம்பித்தது. அங்கிருந்து, அளவீட்டின் நிச்சயமின்மையைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன, அதற்கு எந்தப் பாடங்கள் வேண்டும், இந்தத் துறையில் அவை எங்கே இருக்கின்றன என்று இயல்பாகப் போயிற்று. அரியரைப் பற்றி இரண்டே வாக்கியம்: முதல் நான்கு செமஸ்டரில் மூன்று பாடங்களில் தவறினேன், ஐந்தாவது செமஸ்டரிலிருந்து ஒன்றும் இல்லை, கடைசி மூன்று செமஸ்டரின் சராசரி இது. ஜிஆர்ஈ பற்றி ஒரு சொல்லும் இல்லை. குறைந்த மதிப்பெண்ணை விளக்கிக்கொண்டிருந்தால் படிப்பவர் கண் அங்கேயே நிற்கும், விளக்கம் என்னவென்று யாருக்கும் நினைவிருக்காது.

பரிந்துரைக் கடிதம்

மூன்று கடிதம் வேண்டும். கல்லூரியில் கேட்டால் நம் ஊர் வழக்கப்படி "நீயே எழுதிட்டு வாப்பா, சைன் போடுறேன்". எல்லோரும் இதைச் செய்கிறார்கள், விளைவு என்னவென்றால் மூன்று கடிதமும் எஸ்ஓபியும் ஒரே ஆள் எழுதிய ஆங்கிலத்தில் இருக்கும், படிப்பவருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். தம்பி வேறு மாதிரி செய்தார். ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கத் தாளைக் கொடுத்தார்: சார், உங்களிடம் நான் படித்த பாடம் இது, புராஜெக்டில் நான் செய்த பகுதி இது, நீங்கள் என்னைத் திட்டிய இடம் இது. ஒரு சார் அதை வைத்துப் பத்து வரி சொந்தமாக எழுதினார், இலக்கணம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, அதனால் என்ன. மூன்றாவது கடிதம் தொழிற்சாலை மேனேஜரிடமிருந்து, சூடான ஹவுசிங் கதை அவர் வாயிலிருந்தும் வந்தது. கடிதத்தை நான் பார்க்கமாட்டேன் என்று போர்ட்டலில் கேட்கும் இடத்தில் டிக் போட வேண்டும், பேராசிரியருக்குக் கல்லூரி மெயில் முகவரி இருக்க வேண்டும், ஜிமெயில் கொடுத்தால் சில இடங்களில் சந்தேகப்படுவார்கள். அந்த சாருக்குக் கல்லூரி மெயிலின் பாஸ்வேர்டே நினைவில்லை, அதை மீட்டெடுக்க ஆபீசில் இரண்டு வாரம் ஆயிற்று. டெட்லைனுக்கு முந்தின வாரம் கடிதம் கேட்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொள்ளும் இடங்கள்

மதிப்பெண் குறைந்தவர்களைத் தேடித்தான் இவை வரும். 2011-இல் கலிஃபோர்னியாவின் பிளெசன்டனில் ட்ரை-வேலி யுனிவர்சிட்டி என்று ஒன்றை அமெரிக்கக் குடியேற்றத் துறை இழுத்து மூடியது, அங்கே சேர்ந்திருந்தவர்களில் பெரும்பகுதி இந்திய மாணவர்கள், சிலருக்குக் காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டியது பெரிய விவகாரமானது. 2019-இல் வெளிவந்தது இன்னும் மோசம், மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று அரசே போலியாக ஒன்றை நடத்தியிருந்தது, வகுப்பே இல்லாமல் விசாவுக்காகச் சேர வருபவர்களைப் பிடிப்பதற்காக. அது அங்கீகாரப் பட்டியலிலும் இருந்தது, அரசின் எஃப்-1 (மாணவர் விசா) பள்ளிப் பட்டியலிலும் இருந்தது. எனவே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பாடம் நடத்தும் ஆசிரியர்கள் யார், வகுப்பு அட்டவணை எங்கே, அங்கே இப்போது படிக்கும் ஒருவரோடாவது பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கன்சல்டன்சி கொடுத்த ஐந்தில் ஒன்றை இந்தக் காரணத்துக்காகவே அடித்தோம். போலி என்று சொல்லமாட்டேன், ஆனால் அதன் இணையதளத்தில் கட்டண விவரம் இருந்த அளவுக்குப் பாட விவரம் இல்லை.

எட்டு விண்ணப்பங்கள், என்ன ஆயிற்று

விண்ணப்பக் கட்டணம் சராசரியாக 75 டாலர் வைத்துக்கொண்டால் எட்டுக்கு 600 டாலர், அப்போதைய மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய், மதிப்பெண் அனுப்பும் செலவு தனி. அதனால் எட்டோடு நிறுத்தினோம். இரண்டு பெரிய பெயர்கள், அப்பாவின் ஆசைக்காக. இரண்டும் ரிஜெக்ட், இது முன்பே தெரிந்ததுதான், அந்தப் பணத்தில் நடுத்தரமான இடங்கள் இரண்டு சேர்த்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மீதி ஆறில் மூன்று அட்மிட், இரண்டு ரிஜெக்ட், ஒன்று ஜூலை வரை பதிலே போடவில்லை.

மூன்று அட்மிட்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று நிபந்தனையோடு: முதலில் ஆங்கில வகுப்பு ஒரு செமஸ்டர், அப்புறம்தான் எம்.எஸ். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஐ-20 (விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) முதலில் அந்த ஆங்கிலப் படிப்பு உள்ள திட்டத்துக்குத்தான் வரும், கிரெடிட் இல்லாத ஒரு செமஸ்டருக்கும் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் உண்டு. வேண்டாம் என்றோம். இரண்டாவது டெக்சாஸில். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் போட்டி அடிப்படையில் வருடத்துக்குக் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் வெளியாளுக்கும் உள்ளூர்க் கட்டணமே வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் பல ஆயிரம் டாலரை மிச்சப்படுத்தும். தம்பி விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. குறைந்த மதிப்பெண் உண்மையிலேயே கடித்த இடம் இதுதான், அட்மிட்டில் இல்லை, பணத்தில். மூன்றாவது மிட்வெஸ்டில் (அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி), கார் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு அரசுப் பல்கலைக்கழகம், ஜிஆர்ஈ கேட்காத துறை, கட்டணம் டெக்சாஸை விடக் குறைவு. அங்கேயே சேர்ந்தார்.

இதை நேராகச் சொல்லிவிட வேண்டும்: 303-க்கு அட்மிட் கொடுக்கும் இடங்கள் பெரும்பாலும் உங்கள் கட்டணத்துக்காகவும்தான் கொடுக்கின்றன. தீசிஸ் இல்லாத எம்.எஸ். பல துறைகளுக்கு வருமானம். உதவித்தொகையோடு எம்.எஸ். என்று கனவு காண்பவர்கள் இந்த மதிப்பெண்ணில் முழுச் செலவையும் கடனாகவே கணக்கு வைக்க வேண்டும், கிடைத்தால் லாபம்.

கடன் கதை தனி நாவல். பொதுத்துறை வங்கியில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் அடமானம் வேண்டும். வீடு தாத்தா பெயரில், பாகப்பிரிவினை ஆகவில்லை. சித்தப்பாக்கள் கையெழுத்து, செட்டில்மெண்ட் பத்திரம், வில்லங்கச் சான்று, வங்கி வக்கீலின் ஒப்பீனியன் எல்லாம் முடிய மே மாதமாகிவிட்டது. வட்டி கூடுதலான தனியார் கடனை ஒரு கட்டத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் காத்திருந்தார்கள். அட்மிட் வந்த பிறகு பத்திரத்தைத் தேடாதீர்கள், ஜிஆர்ஈக்குப் படிக்கும்போதே அப்பாவை ஒரு முறை சார்பதிவாளர் ஆபீசுக்கு அனுப்பிவிடுங்கள்.

விசா 2024 ஜூனில், சென்னையில். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், இரண்டு வருடம் என்ன செய்தாய், யார் செலவு செய்கிறார்கள், ஜிஆர்ஈ எவ்வளவு, இவ்வளவுதான் கேட்டது. 303 என்று சொல்லியிருக்கிறார், அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். தொழிற்சாலையில் என்ன அளந்தாய் என்று தொடர்ந்து கேட்டிருக்கிறார், பஸ்ஸில் பேசிப் பேசிப் பழகிய அதே கதையை முப்பது நொடியில் சொல்லியிருக்கிறார்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடங்கள்

கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் இதே எண்களோடு இதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. 2023-24-இல் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர், சீனாவைத் தாண்டி முதலிடம், அதில் முதுகலை, பிஎச்டி மட்டும் 1,96,567. கூட்டத்தில் பெரிய பங்கு கம்ப்யூட்டர், டேட்டா பக்கம்தான். மெக்கானிக்கலிலும் இண்டஸ்ட்ரியலிலும் நெரிசல் குறைவு, தம்பிக்கு அது உதவியது. கல்லூரி முடித்த கையோடு போடுபவருக்கு அந்த இரண்டு வருட வேலை இருக்காது, எனவே எஸ்ஓபியில் சொல்ல ஹவுசிங் இருக்காது, புராஜெக்டில் எதையாவது உண்மையாகச் செய்திருந்தால்தான் உண்டு. பிஎச்டிக்கு இது எதுவும் பொருந்தாது, அங்கே ஒரு பேராசிரியர் உங்களை வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

அப்புறம், 17-ஐ 20 ஆக்கியது தேர்வுக்குத்தான் போதுமானதாக இருந்தது. முதல் செமஸ்டரில் டிஏ வேலைக்கு அவரை எடுக்கவில்லை, காரணம் ஸ்பீக்கிங். குரூப் புராஜெக்டில் தான் பேச ஆரம்பிப்பதற்குள் மற்றவர்கள் முடிவெடுத்துவிடுகிறார்கள் என்று போனில் சொல்வார். இரண்டாவது செமஸ்டரில் விடைத்தாள் திருத்தும் கிரேடர் வேலை கிடைத்தது, அதற்குக் கேட்டது முதல் செமஸ்டர் கிரேடு. மணிக்கணக்குச் சம்பளம், செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் எஃப்-1-இல் கூடாது, அதில் சாப்பாட்டுச் செலவு போகும், கடனுக்கு ஒன்றும் மிஞ்சாது. படிப்பு முடிந்ததும் ஓபிடி (அங்கேயே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) துறை என்பதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம், அந்த மூன்று வருடத்தில் கடனில் பெரும்பகுதியை அடைப்பதாகக் கணக்கு. அளவீட்டுக் கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கும் கார் உதிரிபாகக் கம்பெனிகளின் தரப் பிரிவுக்கும் இப்போதே ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருக்கிறார்.